டொமைனை மீட்ட கதை

நிலாவெளியில் அத்தான் நடத்தும் விடுதியின் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, இணையத்தளம் செய்து கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிந்திருந்தார். ஆண்டுதோறும் பணம் கட்டியது அத்தான். பதிவின்படி உரிமையாளரோ தளம் செய்தவர். மே மாதம் சீசன் களைகட்டும் நேரத்தில் அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும் பதிவு நிறுவனமும் காலாவதித் தேதியும் தெரிந்தன. உரிமையாளரின் சம்மதமின்றி அந்த நிறுவனம் அசையாது. திருகோணமலை நகரில் இருந்த அவரது வீட்டுக்கே போய் உட்கார்ந்தோம். தேநீர் வந்தது, பிறகு கடவுச்சொல்லும் வந்தது.

வேறு நிறுவனத்துக்கு உடனே மாற்றவில்லை. உரிமையாளர் பெயரை மாற்றினால் டாட்காம் டொமைன் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டப்படக்கூடும். அதே நிறுவனத்தில் அத்தான் பெயரில் கணக்குத் திறந்து, அதற்குள் நகர்த்தினோம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் தளம் முடங்கலாம் என்பதால் அன்றே சொடுக்கினோம். தொடர்பு மின்னஞ்சலாக விடுதியின் டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்கவில்லை. டொமைன் விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும். தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கினோம். இலங்கைக்குரிய டாட் எல்கே பெயரையும் அத்தான் பெயரிலேயே பதிந்தாயிற்று.