புது லேப்டாப் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்

போன வாரம் எங்கள் புளோக் அக்கா ஒருவர், மகளின் லேப்டாப் ரொம்பத் திணறுகிறது, சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ப் புதிது வாங்கலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எந்தச் செயலி கணினியை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை விண்டோஸில் நேராகத் திறக்க இதுதான் வழி.

அதில் மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் விழுங்குவது மேலே வந்து நிற்கும், சிபியு (கணினியின் மூளை), டிஸ்க் தலைப்புகளும் அப்படியே. அங்கே முதலில் நின்றது பிரவுசர், உள்ளே நாற்பது டேப் திறந்து கிடந்தது. குரோம் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும், கனமானதை மட்டும் மூடினால் போதும்.

உறைந்து போன செயலியைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுக்கலாம். ஆனால் சேவ் பண்ணவா என்று அது கேட்கும் என நம்பாதீர்கள். பிள்ளையின் பாதி எழுதிய கட்டுரை போனால் போனதுதான். டாஸ்க்பார் உறைந்தால் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள், கணினியையே அணைக்க வேண்டாம்.

இனிதான் முக்கியம். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் நிறுத்தாதீர்கள். சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்இனிட் போன்றவை விண்டோஸின் உயிர்நாடி, நிறுத்தினால் கணினியே விழுந்துவிடும். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்பது வைரஸ் இல்லை, வைரஸைத் தேடும் டிஃபெண்டர், வேலை முடிந்ததும் தானே அடங்கும். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் சிஸ்டம் ஐடில் புராசஸ் 95 என்று காட்டினாலும் பயப்படாதீர்கள், சிபியு அவ்வளவு சும்மா இருக்கிறது என்றுதான் அர்த்தம். சந்தேகம் வந்தால் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொக்கேஷன் கொடுங்கள். விண்டோஸுக்கே சொந்தமான எஸ்விசிஹோஸ்ட் (svchost) என்ற பெயர் சிஸ்டம்32 ஃபோல்டருக்கு வெளியே எங்கோ கிடந்தால் உடனே வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள், அந்தப் பெயரில் ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் உண்டு.

அப்புறம் ஸ்டார்ட்அப் பக்கம். கணினி தொடங்கும்போதே கூட்டமாக எழுந்து வரும் செயலிகள் அங்கே இருக்கும், தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள், செயலி அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டர். உறைந்த செயலியை அவசரமாக மூட கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

அக்கா வீட்டில் டேப்களை மூடி, ஸ்டார்ட்அப்பில் ஆறு செயலிகளை நிறுத்தினோம். அந்த லேப்டாப்பில்தான் மகள் இன்னும் படிக்கிறாள்.