வெளிநாட்டுப் பணம் வர்ற வீடா? முதல்ல அக்கவுண்ட்டை சரி பண்ணுங்க

எங்க தஞ்சாவூர் பக்கம் கொஞ்சம் வசதியான வீடுன்னு எடுத்துக்கிட்டா பையன் சிங்கப்பூர்ல இருப்பான், இல்ல மருமகன் துபாய்ல இருப்பாரு, இல்லன்னா பொண்ணு அமெரிக்காவுல. படிக்க வைக்கவும் ஏஜென்ட்டுக்குக் கட்டவும் கையில காசு இருந்த வீட்டுலருந்துதான் முதல்ல ஆள் கிளம்புனாங்க, அதனால இருக்கற வீட்டுக்கே மேல மேல வருது. ரிசர்வ் பேங்க் 2023-24க்கு எடுத்த சர்வேல வெளிநாட்டுல இருக்கறவங்க இந்தியாவுக்கு அனுப்புன பணத்துல 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு, மகாராஷ்டிரா கேரளாவுக்கு அடுத்து நாமதான். ஆனா அதை வாங்கி வைக்கற முறை நிறைய வீட்டுல தப்பா இருக்கு.

எங்க வீட்டுலயும் அதே கதைதான். அண்ணன் ஏழு வருஷம் அனுப்புன பணம் பூரா அவர் காலேஜ் படிக்கறப்ப தொறந்த பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்லதான் விழுந்துச்சு, அதுலயே மாடி வீட்டு வாடகையும் விழுந்துச்சு, பேங்க்லயும் யாரும் கேக்கல நாங்களும் சொல்லல. அவர் அங்க வீடு வாங்க கொஞ்சம் பணத்தைத் திருப்பி எடுக்கணும்னு வந்து நின்னப்பதான் எது அவர் அனுப்புனது எது வாடகைன்னு பிரிக்கறதுக்குள்ள அப்பா அலையாத அலைச்சல் இல்ல.

அதனால முதல் வேலை இதுதான். வேலைக்குன்னு வெளிநாடு போய் செட்டில் ஆயிட்டா பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்டை அப்படியே வச்சிக்கக் கூடாது, பேங்க்ல சொல்லி என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க வர்ற வருமானத்தைப் போட்டு வைக்கற அக்கவுண்ட்டா மாத்தணும். வாடகை, பென்ஷன்னு இங்க வர்ற காசு எல்லாம் அதுல போகட்டும், அந்த வட்டிக்கு 30 சதவீதம் வரியும் அதுக்கு மேல செஸ்ங்கற கூடுதல் வரியும் பிடிப்பாங்க. அங்க சம்பாதிச்சு அனுப்பறதுக்கு தனியா ஒரு என்ஆர்இ அக்கவுண்ட், அதுக்கு இங்க வட்டிக்கு வரி கிடையாது, எப்ப வேணாலும் திருப்பி எடுத்துட்டுப் போலாம். ரெண்டையும் கலக்காதீங்க, இது ஒண்ணை சரியா பண்ணாலே பாதி தலைவலி போயிடும்.

அடுத்தது, வீட்டுச் செலவுக்கு எவ்வளவு சேமிப்புக்கு எவ்வளவுன்னு அனுப்பறவங்களும் வாங்கறவங்களும் உக்காந்து பேசிடுங்க. செலவுக்கானது நேரா அம்மா அக்கவுண்ட்டுக்கு வரட்டும், சேமிப்பு என்ஆர்இக்குப் போகட்டும். எல்லாத்தையும் அம்மா பேர்ல எஃப்டி போட்டுட்டா சட்டப்படி அது அம்மா காசு, உயில் இல்லன்னா நாளைக்கு எல்லாப் பிள்ளைக்கும் அதுல பங்கு உண்டு, நாமினின்னு பேர் இருந்தா மட்டும் அது அவருக்கே சொந்தம் ஆயிடாது. இதை வெளிய பேச எல்லாருக்கும் கூச்சம், ஆனா பேசாம விட்டு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்னு போனதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

வரி பத்தி பயப்பட வேண்டாம். பிள்ளை அப்பா அம்மாவுக்கு, புருஷன் பொண்டாட்டிக்கு அனுப்பறதுக்கு வாங்கறவங்க வரி கட்ட வேண்டியதில்ல. அந்தப் பணத்தை அப்பா எஃப்டி போட்டா வர்ற வட்டி அப்பா வருமானம், அதுக்கு வரி உண்டு. பொண்டாட்டி பேர்ல போட்டா வட்டி புருஷன் வருமானத்துல சேரும். சொந்தக்காரங்க இல்லாதவங்க கிட்டருந்து வருஷத்துல 50,000 ரூபாய்க்கு மேல வந்தா மொத்தத்துக்கும் வரி உண்டு, ஃப்ரெண்டு அக்கவுண்ட் மூலமா அனுப்பற பழக்கத்தை இதுக்காகவே விட்டுடுங்க.

அனுப்பறப்ப ஃபீஸ் இல்லன்னு போட்டிருக்கறதை நம்பி அனுப்பிடாதீங்க, ரேட்லயே எடுத்துடுவாங்க. கடைசியா கையில எவ்வளவு ரூபாய் வருதுன்னு மட்டும் ரெண்டு மூணு இடத்துல பாருங்க. மாசம் 2000 திர்ஹாம் அனுப்பறவருக்கு 30 பைசா வித்தியாசம்னா 600 ரூபாய், வருஷத்துக்கு 7200, ஒரு மாச மளிகை வந்துடும். சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு 2023 பிப்ரவரியிலருந்து அங்க இருக்கற பேநவ்வையும் நம்ம யூபிஐயையும் இணைச்சிருக்காங்க, சின்னச் சின்ன தொகைக்கு அது நல்ல வசதி. வெஸ்டர்ன் யூனியன் மாதிரி இடத்துல ஒரு தடவைக்கு 2500 டாலர், வருஷத்துக்கு 30 தடவைதான், கையில ரொக்கமா 50,000 ரூபாய் வரைக்கும்தான் தருவாங்க, மீதி அக்கவுண்ட்ல. அமெரிக்காவுல இருக்கறவங்க ரொக்கமா கட்டி அனுப்பாதீங்க, 2026லருந்து அதுக்கு 1 சதவீதம் வரி, பேங்க் அக்கவுண்ட்லருந்து அனுப்புனா அது கிடையாது.

பேங்க் வழியா போகாம ஆள் மூலமா கைமாத்துற உண்டியல்ல நல்ல ரேட் கிடைக்குது, வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்கன்னு சொல்வாங்க. தயவு செஞ்சு வேண்டாம். ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டப்படி மாட்டுனா தொகையைப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போட முடியும், வந்த பணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது, வழியில காசு போச்சுன்னா யார்கிட்டயும் போய் கேக்க முடியாது. கஷ்டப்பட்டு ராத்திரி ஷிஃப்ட் பாத்து அனுப்பற காசுங்க அது.

கடைசியா, வயசான அப்பா அம்மா கையில பிள்ளையோட ஏடிஎம் கார்டையும் பின்நம்பரையும் குடுத்துட்டுப் போறதுக்குப் பதிலா பேங்க்ல மேண்டேட் லெட்டர், அதாவது அவங்க அக்கவுண்ட்டைக் கையாளலாம்னு எழுதிக் குடுக்கற அனுமதி, குடுங்க, அவங்க பேர்லயே முறையா எடுத்துக்கலாம். எல்லா அக்கவுண்ட்டுக்கும் நாமினி போட்டிருக்கான்னு பாருங்க, பணம் வந்ததுக்கு பேங்க் தர்ற அட்வைஸ்ங்கற சீட்டை வருஷா வருஷம் ஒரு ஃபைல்ல போட்டு அப்பா பீரோவுல ஒரு செட், அங்க ஒரு செட்னு வச்சிடுங்க. அடுத்த தடவை லீவுக்கு வர்றப்ப ஒரு நாள் காலைல பாஸ்போர்ட், விசா, பான் கார்டு எடுத்துக்கிட்டு அப்பாவையும் கூட்டிக்கிட்டு பேங்க்குக்குப் போனா போதும், பாதிக்கு மேல வேலை அங்கயே முடிஞ்சிடும்.