தோடர் பூத்தையல் சால்வை வாங்கும் முன்

ஊட்டிக்கு வரும் உறவினர்களிடம் நான் முதலில் சொல்வது: சால்வையைத் திருப்பிப் பாருங்கள். நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் துணியில் கோலம் வரைந்துகொண்டு தைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். அதனால் இருபுறமும் அழகாக இருக்கும். பின்புறம் தாள் ஒட்டியிருந்தால் இயந்திர வேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் கண் நோக உட்காருகிறார்கள். தயவுசெய்து அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

அடுத்து நூல். கடைக்காரரிடம் கேட்டு, ஓரத்தில் தொங்கும் இழையைக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடை வந்து, தொட்டதும் சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. பூத்தையலின் சிவப்பு, கறுப்பு நூலில் முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் அக்ரிலிக்.

துவைக்கக் குளிர்ந்த நீரும் பூந்திக்கொட்டையும் போதும். முறுக்காமல் நிழலில் விரியுங்கள். மழை மாதங்களில் ஈரம் முழுதும் போன பிறகே பெட்டியில் வையுங்கள்.