மனித நியூரானை வகை பிரிக்கும்போது நான் சறுக்கிய இடங்கள்

புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம் திரையைக் காட்டி, "ரெண்டு மார்க்கரும் ஒரே செல்லுல இருக்கு, புது வகைபோல" என்றார். மார்க்கர் என்றால் ஒரு நியூரான் (நரம்பு செல்) எந்த வகை என்று காட்டும் புரதம், ஒளிரும் சாயத்தோடு ஆன்டிபாடி போட்டு அதைப் பார்ப்போம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். சிலைடில் பெயர் எழுத மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

மினுங்குவதெல்லாம் மார்க்கர் என்று நம்புவது

செல் செரித்து முடிக்காத கொழுப்பும் புரதமும் லிப்போஃபுசின் என்ற நிறமியாக நியூரானுக்குள் தங்கிவிடும். வயது ஏற ஏற இது கூடும். சாயமே போடாவிட்டாலும் ஒளிரும், அதுவும் நுண்ணோக்கியின் பச்சை, சிவப்பு இரண்டு ஒளிச் சேனலிலும். இளம் எலித் திசுவில் கை பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது.

நான் மூன்று மாதம் உட்கார்ந்து 'இரட்டை மார்க்கர்' செல்களை எண்ணினேன். அப்புறம் ஒரு சீனியர், மார்க்கரைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி போடாத ஒப்பீட்டுத் துண்டு எங்கே என்று கேட்டார். இல்லை. செய்து பார்த்தால் அதிலும் அதே மினுங்கல்! எண்ணிக்கை முழுவதும் குப்பைக்குப் போனது. இறந்தவர் தானமாகத் தந்த திசு அது, இன்னொரு துண்டு கேட்டு வாங்க முடியாது. இன்றைக்கும் நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

கண்ணுக்கே அடையாளம் உண்டு. லிப்போஃபுசின் உட்கருவுக்கு ஒரு பக்கமாகக் குருணை குருணையாகக் குவிந்திருக்கும். பார்வால்புமின் போன்ற மார்க்கர் புரதமோ செல்லை நிரப்பி, கிளைகளுக்குள்ளும் ஓடும். சந்தேகம் என்றால் ஆன்டிபாடி எதுவும் போடாத சேனலைத் திறந்து பாருங்கள். சூடான் பிளாக் பி என்ற கறுப்புச் சாயம் இந்த ஒளியை அமுக்கும். ஆனால் அதை ஆன்டிபாடி வேலையெல்லாம் முடிந்தபின் போடுங்கள், டிடர்ஜென்ட் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும்.

நியூஎன் மட்டும் போதும் என்பது

நியூரானா இல்லையா என்று பார்க்கப் பொதுவாகப் போடும் மார்க்கர் நியூஎன். அது மட்டும் போதாது. சிறுமூளையின் புர்கிஞ்சி செல்களே அதில் தெரியாது.

ஒடுங்கியிருந்தால் வான் எகனாமோ என்பது

வான் எகனாமோ என்பது ஒடுங்கிய நியூரான் வகை ஒன்று. உண்மையான வான் எகனாமோ செல் மேலும் கீழும் ஒவ்வொரு தடித்த கிளையோடு நீண்டிருக்கும். மூளைப் புறணியில் முன் சிங்குலேட், முன் இன்சுலா பகுதிகளின் ஐந்தாம் அடுக்கில் தேடுங்கள். வெட்டு சாய்ந்துவிட்டால் பக்கக் கிளைகள் அறுபட்ட பிரமிடு வடிவ நியூரானும் அப்படியே தோன்றும். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்.

எலிப் பட்டியலை அப்படியே ஒட்டுவது

எலியின் நியூரான் வகைப் பட்டியல் மனிதருக்கு முழுதாகப் பொருந்தாது. 2018-ல் மனிதப் புறணியின் முதல் அடுக்கில் விவரித்த ரோஸ்ஹிப் என்ற நியூரான் வகைக்கு எலியில் இணை கிடைக்கவில்லை.