துடுப்பு என்றால் வள்ளத்துத் துடுப்பு இல்லை: மீன் நீந்துவதை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துடுப்பைச் செதில் என்று சொல்வது சின்னத் தவறு. உடம்பை மூடியிருப்பது செதில், மூச்சுக்குச் செவுள், நீந்தத் துடுப்பு. அவ்வளவுதான்.

பெரிய தவறு, சரியான சொல்லைச் சொன்ன பிறகுதான் வருகிறது. துடுப்பு என்றதும் வள்ளம் துழாவுவது நினைவுக்கு வந்து, மீன் பக்கத் துடுப்புகளால் துழாவிப் போகிறது, வால் வெறும் சுக்கான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான மீன்களில் உடம்பின் இரு பக்கத் தசைகளும் மாறி மாறிச் சுருங்க, அந்த நெளிவு பின்னோக்கி ஓடி, வால் தண்ணீரைத் தள்ளுகிறது. வள்ளத்தின் பின்னால் மாட்டும் மோட்டார்தான் சரியான ஒப்புமை: தள்ளுவதும் அது, திருப்புவதிலும் அதற்குப் பங்குண்டு.

குமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்தில் ஒரு முழு அயிலை (கானாங்கெளுத்தி) வாங்கித் தட்டில் வைத்துப் பாருங்கள். துடுப்பை நறுக்கித் தரச் சொல்லிவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. முன் முதுகுத் துடுப்பை விரலால் அழுத்தினால் முதுகுப் பள்ளத்துக்குள் மடங்கிவிடும். வேகமாகப் போகும்போது தண்ணீர் இழுக்காமலிருக்க இந்த ஏற்பாடு. வாலுக்கு முன்னால் மேலே 5, கீழே 5 குட்டித் துடுப்புகள் இருக்கும். அவற்றைக் கிழிந்த துண்டுகள் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் உடம்பு உருளாமல் நிறுத்துகின்றன. பக்கத் துடுப்புகள் பிரேக் போட, திரும்ப.

தொட்டி மீன் நின்ற இடத்திலேயே பக்கத் துடுப்பை ஆட்டுவதைப் பார்த்து, நீந்துகிறது என்பார்கள். செவுளிலிருந்து வெளியேறும் தண்ணீர் மீனை முன்னே தள்ளும். அதை எதிர்த்து நிற்கத்தான் அந்த ஆட்டம்.

கேரள எல்லையிலுள்ள நீரோடி ஊரைத் தாண்டினால் மலையாளத்தில் துடுப்பைச் சிறகு என்கிறார்கள். குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடிக்கும் சுறாவுக்கு அது கச்சிதமான சொல். சுறாவுக்கு உடம்பை மிதக்கவைக்கும் காற்றுப்பை கிடையாது. விறைப்பான பக்கத் துடுப்புகள் விமான இறக்கைபோல அதைத் தூக்கிக் கொடுக்கின்றன. ஆனால் பறவைக்கோலாவிடம் இந்தச் சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. அது சிறகடிப்பதில்லை, விரித்துச் சறுக்குகிறது. எழும்பும் வேகம் வாலின் நீண்ட கீழ்மடலிலிருந்து வருகிறது.

துழாவும் மீன்களே இல்லை என்று மறுகோடிக்கும் போக வேண்டாம். திருக்கை அகன்ற பக்கத் துடுப்பை அலைபோல ஆட்டித்தான் போகிறது. பாறை கொறிக்கும் கிளிமீனும் பக்கத் துடுப்பாலேயே நீந்தும். (கேரளச் சந்தையில் கிளிமீன் என்று கேட்டால் சங்கரா வகைதான் கிடைக்கும்.)

கெளுத்தியின் மீசை குத்தும் என்று பயந்து, துடுப்பைப் பிடிக்கிறவர்கள் உண்டு. மீசை தடவிப் பார்க்க மட்டுமே. குத்துவது முதுகுத் துடுப்பின் ஒரு முள்ளும் இரு பக்கத் துடுப்புகளின் முட்களும். நிமிர்ந்தால் பூட்டிக்கொள்ளும், செத்த மீனிலும் அப்படியே நிற்கும். மூன்றையும் நறுக்கிவிட்டுக் கழுவ ஆரம்பியுங்கள்.