தேதி தெரியாதவருக்கும் ஒரு நாள்: உலகப் போர் நினைவு நாட்காட்டி தயாரிக்கும் முறை

வீட்டில் தாத்தாவுக்குத் திதி வந்தால், அது தாத்தாவுக்கான நாள். அன்றைக்கு அவர் பேர் சொல்லி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர் கதையை இரண்டு பேராவது பேசுவோம். உலகப் போர்களில் இறந்தவர்களையும் இப்படி ஒருவர் ஒருவராக நினைக்கத்தான் நான் ஒரு நாட்காட்டி எழுத ஆரம்பித்தேன். கோடிக்கணக்கானோர் இறந்தார்கள் என்று படித்தால் மனசில் எதுவும் நிற்பதில்லை. ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தேதி என்றால் நிற்கிறது.

நீங்களும் தொடங்கலாம். ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு போன் போதும். பேனா வேண்டாம். திருத்த வேண்டியது நிறைய வரும்.

படி 1: ஒரே ஒரு மாதம்

முதல் நாளே பன்னிரண்டு மாதத்தையும் நிரப்ப உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். செப்டம்பரை மட்டும் எடுங்கள். இரண்டு போர்களும், நம் பக்கத்து ஆட்களும் அதில் கலந்து வருகிறார்கள். நோட்டில் 1 முதல் 30 வரை எண் போட்டு, எண்ணுக்கு நான்கு வரி இடம் விடுங்கள். பிறகு இந்த ஏழு நாட்களைக் குறியுங்கள்:

1 - 1939-ல் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது.
2 - 1945-ல் டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.
3 - 1939-ல் பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன. அதே நாளில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார்.
10 - 1943-ல் வக்கம் அப்துல் காதரும் அவருடைய தோழர்கள் மூவரும் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்திய விடுதலைக்காக மலாயாவில் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார் கரையில் இறங்கியவர் காதர். அப்போது அவருக்கு வயது 26.
13 - 1944-ல் நூர் இனாயத் கான் ஜெர்மனியின் டாக்கௌ வதைமுகாமில் கொல்லப்பட்டார்.
22 - 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது.
23 - 1918-ல் ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள் ஹைஃபா நகரை (இன்றைய இஸ்ரேலில் உள்ளது) பிடித்தன.

ஏழு நாட்கள் போதும். மீதி இடம் காலியாக இருக்கட்டும், தானாக நிரம்பும்.

படி 2: நடுகல் போல எழுதுங்கள்

எப்படி எழுதுவது என்று குழம்ப வேண்டாம். நம் ஊர் நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊரில் ஆநிரை கவர்ந்தபோது, யாருடைய மகன் பட்டான் என்று சில வரிகளில் சொல்லி முடித்துவிடுவார்கள். என்று, எங்கே, எதனால், யார். இந்த நான்கும் இருந்தால் உங்கள் குறிப்பு முழுமையானது. "மாவீரர்", "அழியாப் புகழ்" போன்ற சொற்கள் கல்லில் இடம் பிடிக்கும், சேதி சொல்லாது.

13-ஆம் தேதிக்கு நான் எழுதியது இது: "நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வழிவந்தவர். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸிலிருந்து பிரிட்டனுக்கு ரகசிய வானொலிச் செய்தி அனுப்பினார். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். டாக்கௌவில் 13-9-1944 அன்று கொல்லப்பட்டார். அன்று உடன் கொல்லப்பட்டவர்கள்: யோலண்ட் பேக்மன், மடலேன் டமர்மோன், எலியான் ப்ளூமன்."

கடைசி வரியை நான் பிறகுதான் சேர்த்தேன். நூரைப் பற்றி நாம் பேசுகிறோம், சரி. அதே காலையில் அதே இடத்தில் இறந்த மூன்று பெண்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பிரபலமான ஒரு பெயரை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

படி 3: தேதியைச் சரிபாருங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். போர் உலகம் முழுக்க நடந்தது, கடிகாரம் உலகம் முழுக்க ஒன்றல்ல.

ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளம் தாக்கப்பட்டது 1941 டிசம்பர் 7. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது டிசம்பர் 8. அப்படியானால் பேர்ல் ஹார்பர்தான் முதலில் நடந்தது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் கோத்தா பாருவில் நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. அப்போது ஹவாயில் இன்னும் 7-ஆம் தேதி அதிகாலை. பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுந்தது அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் பிறகுதான். அதனால் தேதியோடு ஊரையும், தெரிந்தால் நேரத்தையும் எழுதுங்கள்.

ஐரோப்பாவில் போர் முடிந்த நாளும் இப்படித்தான். லண்டனுக்கு 1945 மே 8, மாஸ்கோவுக்கு மே 9. ஆசியாவில் போர் முடிந்ததற்கோ மூன்று தேதிகள்: ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சக்கரவர்த்தி வானொலியில் அறிவித்தார், செப்டம்பர் 2-ல் கையெழுத்தானது, செப்டம்பர் 12-ல் சிங்கப்பூரில் சரணடைவு நடந்தது. மூன்றும் சரியே. எதை எடுத்தாலும் எது என்று எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, கேள்விப்பட்ட கதைகள். எம்டன் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை வந்தார் என்று பல இடங்களில் படிப்போம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உறுதியானவை என்றால், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் வந்த கப்பல் இரவு ஒன்பதரை மணி வாக்கில் சுட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. இதோடு "அவன் சரியான எம்டன்" என்ற நம் பேச்சு வழக்கையும் சேர்த்து எழுதலாம். அந்த இரவு சென்னையில் விட்டுப்போன பயம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

படி 4: பெயர் தேடுவது

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் உண்டு. பெயரைக் கொடுத்தால் படைப்பிரிவு, இறந்த தேதி, கல்லறை இருக்கும் இடம் வரும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதில்தான் சிக்கல். ஒரே முனுசாமிக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். அதனால் பெயரில் பாதியை மட்டும் தட்டுங்கள், அல்லது படைப்பிரிவை வைத்துத் தேடுங்கள்.

படி 5: தேதி இல்லாதவர்கள்

இந்தப் பட்டியலில் எல்லோரும் இல்லை. சயாம் மரண ரயில் பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர். அதைப் போடுவதற்கு ஜப்பானியர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த வரிசை வரிசையான கற்கள் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் இல்லை. இறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று நம் வீடுகளில் ஒரு வழி வைத்திருக்கிறோம் அல்லவா? அதையே இங்கும் செய்யலாம். இருபக்கத்திலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்ட்டாவில் இணைந்தது 1943 அக்டோபர் 17. நான் அந்த நாளை அவர்களுக்கு வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், அவர் பெயரை அங்கே எழுதுங்கள்.

படி 6: போனில் ஏற்றுங்கள்

காலண்டர் செயலியில் ஒவ்வொரு நாளையும் "ஆண்டுதோறும்" என்று பதியுங்கள். தலைப்பிலேயே வருடத்தையும் போடுங்கள், "எம்டன் 1914" என்பது போல. எத்தனையாவது ஆண்டு என்று கழித்துப் பார்க்க வசதி. நினைவூட்டல் முந்தின நாள் மாலைக்கு இருக்கட்டும், படிக்க அவகாசம் கிடைக்கும்.

படி 7: அந்த நாளில்

குறிப்பை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் யாராவது கேட்கும்படி. குழந்தை இருந்தால் உலக வரைபடத்தில் அந்த ஊரைக் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகலாம். 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் போர்க் கல்லறைகள் அங்கே உள்ளன. எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்காமல் ஒரு கல்லின் முன் நின்று பெயர், வயது, தேதி படித்து, அந்தத் தேதியை நோட்டில் சேருங்கள்.

வாட்ஸ்அப்பில் போடுவதானால் உடல்கள் கிடக்கும் படங்களைத் தவிருங்கள். "நினைவு நாள் வாழ்த்துகள்" என்றும் போடாதீர்கள். பெயரும் தேதியும் ஊரும் போதும்.

செப்டம்பர் முடிந்ததும் அடுத்த பக்கத்தில் அக்டோபர் என்று எழுதி 31 எண்களைப் போடுங்கள். 17-க்கு எதிரே எழுத வேண்டியது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.