கம்மி காசுல பாரிஸ்: டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கேலண்டரை எடுங்க

பாரிஸ்னாலே லட்சக்கணக்குல போயிடும்னு பயந்துக்கிட்டு யூரோப் ட்ரிப் லிஸ்ட்லேர்ந்தே அதைத் தூக்கிடுறவங்க நிறைய பேர். ஊரு காஸ்ட்லிதான், அதை மறுக்கல. ஆனா அங்க காசு எங்க கரையுதுன்னு பார்த்தீங்கன்னா பாதி, தப்பான நாள்ல போய் இறங்குறதாலதான். ட்ரெயின் பாஸ், ஃப்ரீ மியூசியம், எது என்னிக்கு லீவு, எல்லாமே அங்க கிழமையை வச்சுத்தான் ஓடுது. அதனால இந்த போஸ்ட்ல முதல் வேலையே தேதி. ஃபர்ஸ்ட் டைம் போறவங்களுக்காக எழுதுறேன், ஏற்கனவே ரெண்டு தடவை போனவங்க நேரா சாப்பாட்டுக்குப் போயிடலாம்.

ஸ்டெப் 1: திங்கள்கிழமை இறங்குங்க, ஞாயித்துக்கிழமை கிளம்புங்க

பாரிஸ்ல நவிகோன்னு ஒரு ட்ரான்ஸ்போர்ட் கார்டு இருக்கு. அதுல ஒரு வாரப் பாஸ் போட்டா மெட்ரோ, பஸ், ட்ராம், ஆர்.இ.ஆர்.னு சொல்ற புறநகர் ட்ரெயின், ரெண்டு ஏர்போர்ட்டும், வெர்சாய் அரண்மனை வரைக்கும், டிஸ்னிலாண்டு வரைக்கும் எல்லாம் அடங்கிடும். 2025 ரேட்டுல 31.60 யூரோ, ஒவ்வொரு ஜனவரியும் கொஞ்சம் ஏத்துவாங்க. இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா, ஒரு வாரம்னா நீங்க வாங்கின நாள்லேர்ந்து ஏழு நாள் கிடையாது, திங்கள் காலைலேர்ந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும்தான். வியாழக்கிழமை போய் இறங்கிட்டு அடுத்த புதன்கிழமை திரும்புறவங்களுக்கு இந்தப் பாஸ் சுத்தமா செட் ஆகாது, ரெண்டு வாரத்துக்கு வாங்கணும், இல்லன்னா தனித்தனி டிக்கெட் எடுக்கணும்.

தனி டிக்கெட் கணக்கு என்னன்னா, அதே 2025 ரேட்டுல மெட்ரோ ஒரு தடவை 2.50, பஸ் 2 யூரோ, ஏர்போர்ட் டிக்கெட் 13 யூரோ. போக வர ஏர்போர்ட்டுக்கு மட்டுமே 26 ஆயிடுச்சு. இன்னும் மூணு தடவை மெட்ரோ ஏறினா பாஸ் விலையைத் தாண்டிடுது, ஒரு வாரத்துல நீங்க குறைஞ்சது இருபது தடவையாவது ஏறுவீங்க. அதோட மெட்ரோ டிக்கெட்டை வச்சுக்கிட்டு இறங்கி பஸ்ல ஏற முடியாது, பஸ்ஸுக்குத் தனியா எடுக்கணும், பழைய ப்ளாக் எல்லாம் பார்த்துட்டு போறவங்க இங்கதான் மாட்டுறாங்க.

இப்ப இதுக்கு மேல இன்னொரு லேயர். லூவ்ர் மியூசியம் மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை சாயந்திரம் 6 மணிக்கு மேல ஃப்ரீ (ஜூலை, ஆகஸ்ட் தவிர). ஓர்சே மியூசியமும் ஒராஞ்ஜெரி மியூசியமும் மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை ஃப்ரீ. ரெண்டும் ஒரே வாரத்துல வரணும்னா மாசத்தோட 1-ஆம் தேதி சனி, ஞாயிறுல விழக்கூடாது, அவ்ளோதான் ரூல். உதாரணத்துக்கு 2026 அக்டோபர் 1 வியாழக்கிழமை. அப்ப செப்டம்பர் 28 திங்கள் இறங்கி அக்டோபர் 4 ஞாயிறு ராத்திரி ஃப்ளைட் ஏறினா ஒரே பாஸ், வெள்ளிக்கிழமை லூவ்ர், ஞாயித்துக்கிழமை ஓர்சே. லூவ்ருக்கு 2026 ஜனவரிலேர்ந்து யூரோப்புக்கு வெளியேர்ந்து வர்றவங்களுக்கு 32 யூரோன்னு ஏத்திட்டாங்க, ரெண்டு பேருன்னா 64, அதை அப்படியே மிச்சம் பண்றோம். ஃப்ரீன்னாலும் ஆன்லைன்ல ஸ்லாட் புக் பண்ணணும், நேராப் போய் நின்னா உள்ள போறது கஷ்டம். கூட்டம் இருக்கும், மோனாலிசாவை எட்டத்துலேர்ந்துதான் பார்ப்பீங்க, ஆனா காசு கொடுத்துப் போனாலும் அதே கதைதான்.

18 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு லூவ்ர், ஓர்சே ரெண்டுமே எப்பவும் ஃப்ரீ, அதனால பிள்ளைங்களோட போற குடும்பம் இதுக்காக ரொம்ப மண்டையைப் போட்டு உடைச்சுக்க வேணாம்.

ஸ்டெப் 2: விசா

ஷெங்கன் விசாதான், அதாவது யூரோப் நாடுங்க பலதுக்கும் பொதுவான விசா. ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுலேர்ந்து 12-க்குள்ள 45, அதுக்கும் கீழ ஃப்ரீ. விசா சென்டர் சார்ஜ் தனி. ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலேர்ந்து அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாள் வரைக்கும் இழுக்காதீங்க, சம்மர்ல அப்பாயின்மென்ட் கிடைக்கிறதே பெரும்பாடு. இன்சூரன்ஸ் 30,000 யூரோ கவரேஜ் இருக்கணும். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள்ள வாங்கினதா, நீங்க திரும்பி வந்ததுக்கப்புறம் மூணு மாசமாவது உயிரோட இருக்கிறதா பாருங்க.

பேங்க் பேலன்ஸ் எவ்ளோ காட்டணும்னு எல்லாரும் கேப்பாங்க. ஃப்ரான்ஸைப் பொறுத்தவரை ஹோட்டல் புக்கிங் கையில இருந்தா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, புக்கிங் இல்லன்னா 120. அதனால கேன்சல் பண்ணிக்கிற மாதிரி ஒரு புக்கிங் போட்டுட்டு அப்ளை பண்ணுங்க, விசா வந்ததுக்கப்புறம் நிதானமா நல்ல இடம் தேடிக்கலாம். காசு திரும்ப வராத ஃப்ளைட் டிக்கெட்டை விசாவுக்கு முன்னாடி எடுக்கிறது எனக்குப் புடிக்காத விஷயம்.

ஸ்டெப் 3: ரூம் எங்க போடுறது

ஈஃபிள் டவர் ஜன்னல்ல தெரியணும்னு ஆசைப்பட்டா அந்த ஜன்னலுக்குத்தான் காசு கொடுக்கிறீங்க. கிழக்கும் வடகிழக்கும் பாருங்க, 11, 19, 20-ஆவது வட்டாரங்கள் (ஊரையே நம்பர் போட்டுப் பிரிச்சிருக்காங்க), இல்லன்னா ஊருக்கு வெளிய மெட்ரோ போற மொந்த்ரே, பாந்தேன், இவ்ரி மாதிரி இடங்கள். வாரப் பாஸ் இருக்கிறதால தூரத்துக்கு எக்ஸ்ட்ரா காசு கிடையாது, நேரம் மட்டும்தான். நான் ஹோட்டல் ரிவ்யூ படிக்கிறதுக்கு முன்னாடி மேப்ல மெட்ரோ ஸ்டேஷன் நடக்கிற தூரத்துல இருக்கான்னுதான் பார்ப்பேன், பத்து நிமிஷத்துக்கு மேலன்னா வேணாம். இன்னொண்ணு, ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்குன்னு டூரிஸ்ட் வரி தனியா உண்டு, புக்கிங் சைட்ல கடைசிப் பக்கத்துலதான் அது எட்டிப் பார்க்கும். கிச்சன் இருக்கிற ஹாஸ்டலோ ஸ்டுடியோவோ கிடைச்சா கொஞ்சம் கூட விலைன்னாலும் எடுங்க, சாப்பாட்டுல திரும்ப எடுத்துடலாம்.

ஸ்டெப் 4: ஏர்போர்ட்ல இறங்கினதும்

சார்ல் து கோல் ஏர்போர்ட்ல வெளிய வரும்போதே டாக்ஸி டாக்ஸின்னு ஆள் வருவாங்க, யாருக்கும் பதில் சொல்லாம ஆர்.இ.ஆர். பி லைன் போர்டைப் பார்த்து நடங்க. பாஸை ஃபோன்லயே ஏத்திக்கிற வசதி வந்துடுச்சு, அங்க இருக்கிற ட்ரான்ஸ்போர்ட் ஆப்ல. ஃபோன்ல வேணாம்னா நவிகோ தெகூவெர்ட்ன்னு ஒரு கார்டு, 5 யூரோ, அதுல ஒட்ட ஒரு குட்டி ஃபோட்டோ வேணும், ஊர்லேர்ந்தே எடுத்துட்டுப் போங்க. ஒரு வாரத்துக்கான பாஸை அந்த வார வியாழன் வரைக்கும்தான் விப்பாங்க, வெள்ளிக்கிழமைலேர்ந்து அடுத்த வாரத்துக்குத்தான். ஒரு கார்டை ரெண்டு பேர் மாத்தி மாத்தித் தட்ட முடியாது, ஆளுக்கு ஒண்ணு. செக்கிங் ஆளுங்க திடீர்னு வருவாங்க, நான் டூரிஸ்ட்னு சொன்னா அவங்க உருக மாட்டாங்க.

பெரிய குடும்பம், நாலு பேர், பெட்டி ஆறுன்னா டாக்ஸியையும் யோசிங்க. ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள ஃபிக்ஸட் ரேட்தான், சேன் நதிக்கு எந்தக் கரைங்கிறதை வச்சு ரெண்டு விலை, ஸ்டாண்டுல வரிசையில நின்னு ஏறணும்.

ஸ்டெப் 5: சாப்பாடு

காசு கரையிற ரெண்டாவது இடம் இது. டூரிஸ்ட் இடத்துல உக்கார்ந்தாலே பில் ஏறும். ஒரே கஃபேல காபிக்கு கவுன்டர்ல நின்னு குடிச்சா ஒரு ரேட், டேபிள்ல உக்கார்ந்தா இன்னொண்ணு, போர்டுலயே போட்டிருப்பாங்க. தண்ணி கேட்டா பாட்டில் தண்ணிதான் கொண்டு வருவாங்க, அதுக்குக் காசு. "கராஃப் தோ"ன்னு கேளுங்க, ஜக்குல குழாய்த் தண்ணி ஃப்ரீயா வரும், நல்ல தண்ணிதான். ரோட்டுல பச்சைக் கலர்ல சிலை மாதிரி குழாய் நிக்கும், வாலஸ்னு ஒருத்தர் 1872-ல ஊருக்குக் கட்டிக் கொடுத்தது, அதுலயும் பாட்டில் ரொப்பிக்கலாம். டிப்ஸ் கட்டாயம் இல்ல, சர்வீஸ் பில்லுக்குள்ளயே இருக்கு.

ஹோட்டல்ல ஒழுங்கா சாப்பிடணும்னா ராத்திரி வேணாம், மதியம் போங்க, ரெண்டு ஐட்டம் சேர்த்து ஒரு விலைன்னு மதியத்துக்கு செட் மெனு போடுவாங்க. 12-லேர்ந்து 2 மணிக்குள்ள போகணும், மூணு மணிக்குப் போனா பல இடத்துல கிச்சன் மூடியிருக்கும். மத்த வேளைக்கு பேக்கரி, சூப்பர் மார்க்கெட். பகெத் ரொட்டி ஒரு யூரோ சொச்சம், சீஸ், தக்காளி, பழம் வாங்கிட்டு ஆத்தங்கரையில உக்கார்ந்தா அதுவே நல்ல சாப்பாடு, அந்த ஊர்க்காரங்களும் அதைத்தான் பண்றாங்க. சைவம்னா கவனம், வெஜ் சாலட்னு நினைச்சு ஆர்டர் பண்ணா மேல பன்றிக்கறித் துண்டு தூவி வரும், முன்னாடியே கேட்டுடுங்க. மரே ஏரியால ரோஸியே தெருவுல ஃபலாஃபல் கடைங்க வரிசையா இருக்கு, ஒண்ணு வாங்கினா வயிறு ரொம்பிடும்.

மூணாவது நாள் சோறு தேடும், தேடாம இருக்காது. கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னாடி லா ஷப்பேல் ஏரியாவுக்குப் போங்க. ஃபோபூர் சான் தெனி தெருவுல திரும்பின பக்கமெல்லாம் தமிழ் போர்டு, 1983-க்கு அப்புறம் இலங்கையிலேர்ந்து வந்த நம்ம சனங்க உருவாக்கின இடம். கொத்து ரொட்டி, இடியப்பம், தோசை, சோறு கறி எல்லாம் கிடைக்கும், பாரிஸ் ரேட்டுக்குக் குறைச்சல். கடைக்காரங்ககிட்ட "அண்ணா, என்ன இருக்கு"ன்னு தமிழ்லயே கேளுங்க. பக்கத்துல பஜோல் தெருவுல மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கு, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல அங்க தேர் ஓடும், பாரிஸ் நடுரோட்டுல மலை மாதிரி தேங்காய் குவிச்சு உடைப்பாங்க, அந்த நேரத்துல போற மாதிரி இருந்தா ஒரு ஞாயித்துக்கிழமையை அதுக்கே கொடுத்துடலாம், ஓர்சே எங்கயும் போகாது.

ஸ்டெப் 6: எந்த நாள் எங்க

லூவ்ர் செவ்வாய் லீவு. ஓர்சே, வெர்சாய், ஊரோட பெரும்பாலான மியூசியங்களும் திங்கள் லீவு. அதனால இறங்கின திங்கள்கிழமை எந்த மியூசியமும் வேணாம், ஜெட்லாக்ல ஓவியம் பார்த்து ஒண்ணும் ஏறாது. நடங்க. நோத்ர் தாம் சர்ச்சை தீ விபத்துக்கப்புறம் 2024 டிசம்பர்ல திறந்துட்டாங்க, உள்ள போக ஃப்ரீ, ஆன்லைன்ல டைம் எடுத்தா க்யூ கம்மி, அதுவும் ஃப்ரீ. சர்ச்சுக்குள்ள போறதுக்கு டிக்கெட்னு எந்த சைட் வித்தாலும் அது டூப்ளிகேட் வேலை.

செவ்வாயோ புதனோ பெத்தி பாலே, கார்னவாலேன்னு ரெண்டு மியூசியம் வச்சுக்கலாம், நிரந்தரக் கலெக்ஷன் வருஷம் முழுக்க ஃப்ரீ. கார்னவாலே பாரிஸ் ஊரோட வரலாறு, பழைய கடை போர்டுங்க மட்டுமே ஒரு ஹால் முழுக்கத் தொங்கும், என்னைக் கேட்டா லூவ்ரை விட இதுதான் ஜாலி. பொம்பிது சென்டர்ங்கிற மாடர்ன் ஆர்ட் மியூசியம் லிஸ்ட்ல இருந்தா அடிச்சுடுங்க, ரிப்பேருக்காக 2030 வரைக்கும் மூடியிருக்கு.

ஈஃபிள் டவர் ஏறணும்னா படிக்கட்டு டிக்கெட் லிஃப்ட்டை விட கம்மி, ரெண்டாவது தளம் வரைக்கும் 674 படி, முட்டி வலி இருக்கிறவங்க வேணாம். ஏறாமலும் நல்லாப் பார்க்கலாம்: மெட்ரோ 6-ஆவது லைன்ல பாஸி ஸ்டேஷன்லேர்ந்து பீர் ஹாக்கேம் ஸ்டேஷனுக்குப் போகும்போது ட்ரெயின் பாலத்து மேல வரும், டவர் பக்கத்துலயே நிக்கும், பாஸ்ல அடக்கம். இருட்டினதும் மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் மின்னும், அதை த்ரோகாதெரோ சதுக்கத்துலேர்ந்து பாருங்க. ஊரு முழுக்க மேலேர்ந்து பார்க்க காலெரி லாஃபயெத் கடை மொட்டை மாடி ஃப்ரீ. மொன்மார்த்ர் குன்று ஏற ஒரு குட்டி கேபிள் வண்டி இருக்கு, அதுக்கும் உங்க வாரப் பாஸே போதும்.

சிட்டி டூர் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காதீங்க. சாதாரண 69-ஆம் நம்பர் பஸ் ஈஃபிள் பக்கத்துலேர்ந்து கிளம்பி லூவ்ர், பாஸ்தீல் வழியா பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகும். ஜன்னல் சீட் பிடிங்க.

வெர்சாய் வியாழக்கிழமை போடலாம். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் முதல் ஞாயிறு அரண்மனை ஃப்ரீ, அப்ப ஓர்சேயா வெர்சாயான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஒரே நாள்ல ரெண்டும் வேணாம்.

ஸ்டெப் 7: சில்லறை விஷயங்கள், ஆனா காசு சம்பந்தப்பட்டது

கடைக்குள்ள நுழைஞ்சதும் போன்ஜூர் சொல்லிட்டுப் பேச ஆரம்பிங்க, சொல்லாம நேரா விலை கேட்டா மூஞ்சி மாறிடும். கார்டு மெஷின்ல ரூபாயா யூரோவான்னு கேட்டா யூரோவே அழுத்துங்க, ரூபாய் அழுத்தினா அவங்க வைக்கிற ரேட். சாக்ரே கேர் சர்ச் படிக்கட்டுல கையில கயிறு கட்டிட்டு காசு கேக்க வருவாங்க, பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு நடந்துடுங்க. க்ளிப் போர்டு வச்சுக்கிட்டு கையெழுத்து கேக்குற பொண்ணுங்க, கீழ கிடந்த தங்க மோதிரத்தை எடுத்து உங்களுதான்னு கேக்குற ஆளு, ரெண்டுமே அதே கேஸ். மெட்ரோல கதவு பக்கத்துல நின்னு ஃபோன் நோண்டாதீங்க, கதவு மூடுற செகண்ட்ல பிடுங்கிட்டு இறங்கிடுவாங்க.

ரோட்டுல சாம்பல் கலர் ஆட்டோமேடிக் டாய்லெட் இருக்கும், அது ஃப்ரீ. தண்ணி வசதியெல்லாம் எதிர்பார்க்காதீங்க, பையில ஒரு காலி பாட்டில் எப்பவும் இருக்கட்டும், புரியுதுல்ல.

கிளம்புற ஞாயித்துக்கிழமை ஒரு விஷயம்: வீக்கெண்ட்ல ஆர்.இ.ஆர். பி லைன்ல அடிக்கடி வேலை நடக்கும், பாதி தூரம் பஸ்ல மாத்தி விடுவாங்க, காலைலயே ஆப்ல பார்த்துட்டு ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க. பாஸ் ராத்திரி 12-க்கு செத்துடும், அதனால ஃப்ளைட் நடுராத்திரி தாண்டின்னாலும் ஏர்போர்ட் ட்ரெயினை அதுக்கு முன்னாடியே பிடிச்சுடுங்க.